மலைவாழ் மக்களிடம் பாடங்கேட்டவர்: வெரியர் எல்வின்

பிறர்க்கு உபதேசம் செய்வதற்கென்றே கடல் கடந்து வந்தவர்களின் சரித்திரங்களை நம் அன்பர்கள் பல படித்திருப்பார்கள். உபதேசிக்க வந்த இடத்தில் வாய்மூடி அமர்ந்து, யாரைத் திருத்த வந்தாரோ அவர்களிடமே பாடங்கேட்கத் தொடங்கியவர்கள் மிகச் சிலர். அச்சிலருள் ஒருவர் வெரியர் எல்வின். அவர் குறையற்ற மனிதரல்லர். அவருடைய குறைகளுள் ஒன்று மிகப் பெரிது. அதையும் மறைக்காமல் சொல்லவேண்டும்.

எல்வின் 1902ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 29ஆம் நாள் இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள டோவர் நகரில் பிறந்தார். தந்தையார் எட்மண்டு ஹென்றி எல்வின், மேற்கு ஆப்பிரிக்காவிலுள்ள சியரா லியோனில் ஆங்கிலத் திருச்சபையின் பேராயராகப் பதவி வகித்தவர். அவர் 1909இல் இறந்தபோது பிள்ளைக்கு வயது ஏழு. தாயார் வேதாகமத்தின் ஒவ்வோர் எழுத்தையும் உண்மையென்று நம்பிய கடும் பக்தர். அந்த வீட்டுப் பிள்ளை பாதிரியாராகாமல் வேறென்ன ஆக முடியும்? செல்ட்டன்ஹாமில் பள்ளிப் படிப்பை முடித்து, ஆக்ஸ்போர்டில் மெர்ட்டன் கல்லூரியில் ஆங்கில இலக்கியத்திலும் இறையியலிலும் முதல் வகுப்பில் தேறினார். 1926இல், இருபத்துநான்காம் வயதிலேயே, அங்குள்ள வைக்ளிஃப் ஹால் என்னும் குருமடத்தின் உபதலைவரானார். இங்கிலாந்திலேயே இருந்திருந்தால் தந்தையைப் போலத் தாமும் பேராயராகியிருப்பார்.

ஆனால் அவர் உள்ளத்தில் ஓர் உறுத்தல் இருந்தது. தம் இனத்தார் இந்தியாவுக்குச் செய்த அநீதிக்குத் தம்மளவிலேனும் பரிகாரம் தேடவேண்டும் என்று எண்ணினார். 1927இல் பூனாவில் வின்ஸ்லோ பாதிரியார் நடத்திவந்த கிறிஸ்த சேவா சங்கத்தில் சேர்ந்தார். அங்கே கதர் உடுத்தித் தரையில் அமர்ந்துண்டு, இந்திய முறையில் வழிபாடு நடத்தினார்கள். 1928ஆம் ஆண்டு ஜனவரியில் சபர்மதி ஆசிரமத்தில் நடந்த சர்வசமய மாநாட்டிற்குச் சென்றவர், காந்தியடிகளின் அன்பராய்த் திரும்பினார். சட்டமறுப்பு இயக்கத்தை ஆதரித்துக் கிறிஸ்துவும் சத்தியாக்கிரகமும் என்ற பொருள் பற்றி 1930இல் நூல் எழுதினார். 1932 ஜனவரி 4ஆம் நாள் விடியுமுன்னர் பம்பாயில் மணிபவன் இல்லத்தில் காந்தியடிகளைப் போலீசார் கைது செய்தபோது எல்வினும் அங்கிருந்தார். வெள்ளையர் ஆட்சி அவரைச் சந்தேகப் பட்டியலில் சேர்த்ததில் வியப்பில்லை. அவ்வாண்டே இங்கிலாந்து சென்றவர், இந்தியா திரும்ப அனுமதி பெறுவதற்காக, இனி அரசியலில் ஈடுபடுவதில்லையென்று உறுதியளிக்க நேர்ந்தது.

எல்வினும் அவர் தோழர் சாம்ராவ் ஹிவாலேயும் முதலில் எண்ணியது தீண்டப்படாதார் சேரி ஒன்றில் குடியேறுவதே. அந்த எண்ணத்தை மாற்றியவர் ஜம்னாலால் பஜாஜ். தேசத்தொண்டர்களும் மிஷனரிமாரும் ஒருங்கே கைவிட்டிருந்த கோண்டு மக்களிடம் செல்லும்படி அவர் யோசனை கூறினார். 1932 ஜனவரி இறுதியில் இருவரும் மத்திய மாகாணத்தின் மைக்கால் மலைத்தொடரில், மண்டலா ஜில்லாவைச் சேர்ந்த கரஞ்சியா என்னும் ஊரை அடைந்தார்கள். அவ்வூர் இன்று மத்தியப் பிரதேசத்தின் திண்டோரி மாவட்டத்தில் அடங்கும். நர்மதை பிறக்கும் அமர்கண்டக் மலை அங்கிருந்து தொலைவிலில்லை.

சாம்ராவைப் பற்றி இங்கே சற்று நின்று சொல்லவேண்டும். எல்வினைப் புகழ்ந்து எழுதுவோர் பலர் இவரை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். இவர் மராட்டியக் கிறிஸ்தவர். பூனா சங்கத்தில் எல்வினோடு கூடியவர். புண்ணுக்கு மருந்திட்டவரும், வழக்குத் தீர்த்தவரும், இரவெல்லாம் ஊரார் கதைகளைக் கேட்டு அமர்ந்தவரும் பெரும்பாலும் இவரே. எல்வின் அவ்வட்டாரத்து இந்தியும் சத்தீஸ்கரியும் பேசினாரேயன்றி, எழுதிய குடிகள் எல்லாருடைய மொழியையும் கற்றவரல்லர்; மொழிபெயர்ப்பாளரின் துணை அவருக்குப் பல இடங்களில் வேண்டியிருந்தது. மலைவாசிகள் எல்வினைப் பெரியண்ணன் என்னும் பொருளில் படா பாய் என்றும், சாம்ராவைச் சின்னண்ணன் என்னும் பொருளில் சோட்டா பாய் என்றும் அழைத்தார்கள். பெரியண்ணன் எழுதினார்; சின்னண்ணன் உடனிருந்தார். இரண்டுமில்லாமல் அந்நூல்கள் பிறந்திரா.

கரஞ்சியாவில் மண்சுவர்க் குடிசைகள் கட்டினார்கள். பள்ளிக்கூடம், மருந்துச் சாலை, குஷ்டரோகிகளுக்கு ஒரு விடுதி ஆகியன எழுந்தன. சிறு வழிபாட்டிடமும் இருந்தது. ஆயினும் ஒரு கோண்டையேனும் கிறிஸ்தவராக்க எல்வின் முயலவில்லை. நாகபுரிப் பேராயர் இதைப் பொறுக்கவில்லை. சுவிசேஷம் பிரசங்கிக்க வேண்டும், மன்னருக்கு விசுவாசப் பிரமாணமும் செய்யவேண்டும் என்று வற்புறுத்தினார். எல்வின் இரண்டிற்கும் இசையவில்லை. 1935ஆம் ஆண்டு நவம்பரில் குருப்பட்டத்தைத் துறந்து திருச்சபையிலிருந்தே வெளியேறினார். பிறந்த சமயத்திலேயே இறப்பதில்லையென்று யேவலா மாநாட்டில் பாபாசாகேப் அம்பேத்கர் அறிவித்தது அதற்கு முந்திய மாதத்தில் என்பதை நம் அன்பர்கள் நினைவிற் கொள்வார்களாக. ஒருவரையொருவர் நோக்காமலே இருவர் ஒரே வேளையில் தத்தம் வீட்டு வாயிலைக் கடந்தார்கள்.

திருச்சபையின் வேலி நீங்கியதும் எல்வினின் கல்வி தொடங்கியது. அவருடைய முதல் ஆசான்களாக வாய்த்தவர்கள் பைகா மக்கள். காடே வாழ்வாகக் கொண்ட சிறுகுடியினர் இவர்கள். நிலமும் ஏரும் உடைய கோண்டுகள்கூட விதை விதைக்குமுன் அதனை வாழ்த்தித் தரவும், ஊர் எல்லையைக் கட்டவும், புலியின் வாயைக் கட்டவும் பைகாவையே அழைப்பார்கள். ஏனெனில் நிலத்திற்கும் தெய்வங்களுக்கும் மூத்த உறவினன் பைகா என்பது அவ்வட்டாரத்து நம்பிக்கை.

பைகாக்கள் ஏர் பிடிப்பதில்லை. ஆதியில் தோன்றிய நங்கா பைகாவிடம், பூமித்தாயின் மார்பைக் கலப்பையால் கிழிக்கக்கூடாது என்று இறைவன் விதித்தான் என்பது அவர்கள் கதை. மரங்களை வெட்டி, வெயிலில் உலரவிட்டு, மழைக்கு முன் எரித்து, அச்சாம்பலில் வரகும் சாமையும் தூவுவார்கள். இரண்டு மூன்று ஆண்டுகள் சென்றபின் அந்நிலத்தைக் காட்டிற்கே திருப்பிக் கொடுத்துவிட்டு வேறிடம் போவார்கள். இதனை அவர்கள் பேவர் என்பர். நம் நாட்டு மலைகளில் புனம் என்று வழங்குவது இத்தகையதே. வெள்ளையர் ஆட்சியின் காட்டிலாகாவுக்கு இது வெறும் மர நாசமாகப்பட்டது. தடைமேல் தடை விதித்து, 1890இல் சுமார் 24,000 ஏக்கர் பரப்புள்ள ஓரிடத்தைப் பைகா சக் என்று ஒதுக்கி, அதற்குள்ளே மட்டும் பேவர் செய்யலாம் என்றது. வெளியிலிருந்தவர்கள் கலப்பையைக் கையிலெடுக்க வேண்டியதாயிற்று.

எல்வின் 1939இல் வெளியிட்ட பைகா பற்றிய பெருநூலில் மிகவும் முக்கியமானது இவ்விடந்தான். அம்மக்கள் இழந்தது உணவை மட்டுமன்று என்று அவர் கண்டார். தாயின் மார்பைக் கீறுகிறோம் என்ற குற்றவுணர்வோடு ஒவ்வொரு நாளும் ஏர் பிடிக்கும்படி ஒரு சமூகத்தையே சட்டம் செய்துவிட்டது. நோய் வந்தாலும் விளைச்சல் பொய்த்தாலும் அந்தப் பாவத்தின் பயனே என்று அவர்கள் நொந்தார்கள். காட்டிலாகா கணக்கெடுத்த மரங்களில் இந்த நோவு எந்தப் பத்தியிலும் ஏறவில்லை. இதைப் படிக்கும்போது, ஏர்மங்கல நாளில் உழுசாலில் சிதைந்த புழுபூச்சிகளைக் கண்டு இரங்கி நாவல்மர நிழலில் அமர்ந்த சித்தார்த்த குமாரரின் நினைவு நமக்கு வராமற் போகாது. பைகாவின் நம்பிக்கையும் அந்தக் கருணையும் ஒன்றேயென்று நான் சொல்லத் துணியேன். காட்டை எரிக்கும் நெருப்பிலும் உயிர்கள் மாளும் அன்றோ? ஆனால் உழவைக் கண்டு ஒரு கணம் கை நடுங்கியவர்களை மூடர் என்று தள்ளும் உரிமை பௌத்தர்க்கு இல்லை.

அடுத்து அவர் சென்றது அகாரியா என்னும் இரும்புருக்குவோரிடம். 1942இல் வெளிவந்த அந்நூல் இன்றும் படிக்கத் தக்கது. இரும்புக்கல் எங்கே கிடைக்கும், எந்த மரத்துக் கரி எவ்வளவு வேண்டும், களிமண் உலையை எவ்வாறு எழுப்புவது, காலால் மிதிக்கும் துருத்தியை எப்படி அமைப்பது என்பவற்றையெல்லாம் அவர் பொறுமையோடு எழுதிவைத்தார். அவற்றோடு, உலையில் லோகாசுரனும் கரியில் கோயிலாசுரனும் தீயில் அக்கியாசுரனும் உறைகிறார்கள் என்ற அவர்கள் சமயத்தையும் எழுதினார். அகாரியாவுக்குத் தொழில் வேறு, தெய்வம் வேறன்று. உலை பற்றாமற் போனால் முதலில் காற்றையும் கல்லையும் பார்ப்பான். பிறகு தன்னிடம் எந்த அசுரனுக்கு மனத்தாங்கல் என்று பார்ப்பான். இப்படி வாழ்ந்த தொழிலை இரண்டு பகைவர்கள் நசுக்கினார்கள்: உலைக்கு உலை விதித்த வரி ஒன்று, ஆலையிலிருந்து வந்து சந்தையில் மலிந்த இரும்பு மற்றொன்று. தொழில் குன்றியபோது தெய்வங்களும் குன்றின. எல்வின் இதனைக் கண்ணாரக் கண்டார்.

பஸ்தர் நாட்டு முரியா மக்களின் இளைஞர் விடுதியாகிய கோட்டுல் பற்றி 1947இல் அவர் எழுதிய நூல் உலகப் புகழ் பெற்றது. அதன் புகழில் பாதி, படித்தவர்களின் வேறுவிதமான ஆவலால் வந்ததென்பது என் கருத்து. ஆகவே அதனை இங்கு விரித்துரைக்கவில்லை.

பழங்குடி மக்களின் எதிர்காலம் பற்றி அக்காலத்தில் பெரும் சர்ச்சை மூண்டது. எல்வின் அவர்களைக் காட்சிசாலைப் பொருள்களைப் போல அடைத்துவைக்க விரும்புகிறார் என்று தக்கர் பாபா முதலிய தேசத்தொண்டர்கள் குற்றஞ்சாட்டினார்கள். பம்பாய்ப் பேராசிரியர் குர்யே 1943இல் வெளியிட்ட நூலில், பழங்குடியினர் என்று தனியே ஒரு கூட்டம் இல்லை, அவர்கள் பின்தங்கிய இந்துக்களே என்று வாதித்தார். உங்களுக்கென்று ஒரு சமயமில்லை, நீங்கள் எங்களில் தாழ்ந்த படி என்று சொல்லும் இவ்வாதம் நம்மவர் காதுக்குப் புதிதன்று. எல்வின் இதனை எதிர்த்தார். ஆனால் உறுதியாக நின்றார் என்று சொல்வதற்கில்லை. மண்டலாவில் கத்தோலிக்க மிஷனரிமார் பள்ளிகளைத் திறந்து மதமாற்றம் செய்வதைக் கண்டித்து 1944இல் கடுமையாக எழுதியபோது, சற்றுமுன் தம்மை எதிர்த்த தக்கர் பாபாவுடனேயே கைகோத்தார். பழங்குடியினர் சமயத்தை இந்து சமயக் குடும்பத்தோடு சேர்த்துக் கருதலாம் என்றும் ஒரு காலத்தில் எழுதினார்.

ஆகவே நம் அன்பர்களில் யாரேனும் ஒருவர் கேட்கலாம்: மதம் மாற்றுவதை இவ்வளவு வெறுத்த இவர், 1956 அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் இலட்சக்கணக்கானோர் தம்மம் தழுவியதை என்னென்று சொல்லியிருப்பார்? அவர் மனத்தை நாம் ஊகிக்க வேண்டியதில்லை; அவர் எதிர்த்தது எது என்று மட்டும் பார்ப்போம். உள்ளூர் ஆட்டமும் பாட்டும் நின்றுபோய், ஒரே ஊர் இரண்டாகப் பிளந்து, மூதாதையரைக் கண்டு நாணும்படி பிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்லப்படுவதை அவர் எதிர்த்தார். இருபது ஆண்டுகளுக்கு மேலாக நூல்களை ஆராய்ந்து, தம் மக்களோடு கலந்து, தாமே ஒரு வழியைத் தேர்ந்துகொண்டவர்களின் செயல் அதனோடு ஒப்பிடத் தக்கதன்று. இருந்தும் ஒன்றைச் சொல்லாமல் விட முடியவில்லை. மிஷனரி, தொண்டர், பேராசிரியர், எல்வின் ஆகிய நால்வரும் ஏடுகளில் மோதிக்கொண்ட அத்தனை ஆண்டுகளில், கோண்டு மக்களிடம் சென்று, உங்கள் சமயம் எதுவென்று நீங்கள் சொல்லுங்கள் எனக் கேட்டு அவர்கள் விடையைச் சபையில் வைத்தவர் ஒருவருமில்லை. அம்பேத்கரைப் போன்ற ஒரு குரல் அம்மலையிலிருந்து அன்று டில்லிவரை எட்டவில்லை.

இனி அந்தப் பெரிய குறை. 1940 ஏப்ரல் 4ஆம் நாள் எல்வின் கோசி என்னும் இராஜகோண்டுப் பெண்ணைக் கோண்டு முறைப்படி மணந்தார். அவள் அவர்களுடைய பள்ளியில் படித்த சிறுமி. அவருக்கோ வயது முப்பத்தேழு. 1941இல் மகன் பிறந்தான். ஜவாஹர்லால் என்று பெயரிட்டார்கள். திருமணம் நிலைக்கவில்லை. 1949இல் கல்கத்தா உயர்நீதிமன்றத்தில், அவள் வந்து வாதாடாமலே, மணமுறிவுத் தீர்ப்புப் பெற்றார். கோசி மலைக்கிராமத்திலேயே வறுமையில் நெடுங்காலம் வாழ்ந்தாள். நூறு நூறு பைகாக்களின் கனவுகளையும் கதைகளையும் எழுத்தெழுத்தாகக் குறித்துவைத்த மனிதர், தம் மனையாளின் சொல்லைக் குறித்துவைக்கவில்லை. அந்தக் காலத்து வழக்கம் அப்படி என்று சமாதானம் கூறுவோர் உண்டு. சிறுவயது மணத்தினால் பெண்கள் படும் துயரைக் கண்டு வளர்ந்த நம் குடும்பங்களில் அந்தச் சமாதானம் எடுபடாது. பின்னர் அவர் பாட்டன்கட் என்னும் ஊரின் பர்தான் குலத்தைச் சேர்ந்த லீலாவைத் துணைவியாகக் கொண்டார். அவ்வாழ்க்கை அவர் இறுதிவரை நிலைத்தது.

1940களில் அவர் ஒரிஸாவின் கஞ்சம், கோராபுட் ஜில்லாக்களின் மலைகளில் வாழும் சவரர்களிடம் பலமுறை சென்று தங்கினார். 1955இல் வெளிவந்த அந்நூலே அவர் எழுதியவற்றுள் ஆழமானது என்பது என் எண்ணம். சவரர்க்கு இறப்பு என்பது பிரிவன்று, உறவின் மாற்றம். இறந்தவர் கீழுலகம் சென்றும் வீட்டை மறப்பதில்லை. பசிக்கும், குளிரும், பொறாமை வரும், அதனால் உயிரோடிருப்பவரைத் தொடுவார்கள், அத்தொடுகையே நோய். அப்போது சாமியாடி வந்து அமர்வார். சவரரில் ஆண் சாமியாடிகளும் உண்டு, பெண் சாமியாடிகளும் உண்டு. கீழுலகத்து ஆவி ஒன்றை மணந்துகொண்டுதான் ஒரு பெண் சாமியாடியாகிறாள். அவள் வாய்வழி இறந்தவர் பேச, வீட்டார் அழுது, சண்டையிட்டு, பேரம் பேசி, கடைசியில் சமாதானம் செய்துகொள்வார்கள். இறந்தவர்க்கென்று சுவரில் அரிசி மாவினால் ஓவியம் எழுதுவார்கள். யானை, குதிரை, மயில், மரம், மனிதர் யாவும் அதில் நெருக்கமாக நிறைந்திருக்கும். அது அலங்காரமன்று, ஆவிக்கு அமைத்த வீடு. பின்னர் நடுகல் நாட்டி எருமை பலியிட்டு, இறந்தவரை முன்னோரோடு சேர்ப்பார்கள்.

எருமைப் பலி நமக்கு ஏற்புடையதன்று. அதற்கான செலவு ஏழைச் சவரனை வட்டிக்காரனிடம் அனுப்பியதும் உண்மை. ஆயினும் அச்சடங்கின் உள்ளே நடப்பதைக் கவனிக்கவேண்டும். மகனை இழந்த தாய் அவனிடம் தான் சொல்லாமல் விட்டதைச் சொல்லிவிடுகிறாள்; அவன் விடையையும் கேட்டுவிடுகிறாள்; ஊரார் அனைவரும் சூழ இருக்கிறார்கள். நம் நகரங்களில் துக்கம் பெரும்பாலும் பூட்டிய அறைக்குள் தனியே கிடக்கிறது. மிஷனரியாக வந்திருந்தால் எல்வின் இதனைப் பேய்வழிபாடு என்று ஒரு சொல்லில் முடித்திருப்பார். இப்போது அவருக்கு ஒரு தடித்த நூல் வேண்டியிருந்தது.

நாடு விடுதலை பெற்றபின் அவர் சிலகாலம் இந்திய மானிடவியல் ஆய்வுத்துறையின் துணை இயக்குநராக இருந்தார். 1954இல் இந்தியக் குடியுரிமை பெற்றார். அவ்வாண்டு ஜனவரியில், நேருவின் ஆதரவோடு, அசாமுக்கு வடக்கே நேபா என்று வழங்கிய வடகிழக்கு எல்லைப்புற நாட்டின் பழங்குடி ஆலோசகரானார். ஷில்லாங்கில் குடியேறினார். அந்நாடே இன்றைய அருணாசலப் பிரதேசம். 1972இல் ஒன்றியப் பகுதியாகவும் 1987இல் மாநிலமாகவும் ஆயிற்று. நாற்பது வயதுவரை அரசாங்கத்தை எதிர்த்து எழுதியவர் இப்போது அரசாங்கத்தின் ஆளானார். கேட்டுக் கற்றதைச் செயலிற் காட்டவேண்டிய பொறுப்பு வந்தது.

மலைமேல் அனுப்பப்படும் அதிகாரிகள் கால்நடையாய் ஊர் ஊராகச் செல்லவேண்டும், அம்மக்களின் மொழியைக் கற்கவேண்டும், அவர்கள் உடையையும் உணவையும் இகழக்கூடாது, பள்ளிக்கூடத்தைக்கூட அவ்வூர் வீட்டின் பாணியிலே கட்டவேண்டும், நெசவையும் மரச்செதுக்கலையும் அழியவிடலாகாது என்பன போன்ற நெறிகளை அவர் வகுத்தார். வெளியார் நிலம் வாங்குவதைத் தடுத்த பழைய சட்டத்தை நீக்கக்கூடாது என்றார். ஆதி மக்களின் ஊர்ச்சபையாகிய கேபாங், தானே வழக்குத் தீர்க்க வல்லது. சூரியனும் சந்திரனுமாகிய தோனி-போலோவைச் சாட்சி வைத்து அங்கே சொல்லப்படும் சொல்லுக்கு உள்ள மதிப்பை, கச்சேரியில் எடுக்கும் பிரமாணம் தந்துவிடாது என்று கருதினார். இவற்றையெல்லாம் 1957இல் ஒரு நூலாக்கினார். அதன் இரண்டாம் பதிப்புக்கு 1958இல் நேரு எழுதிய முன்னுரையில் ஐந்து நெறிகள் கூறப்பட்டன: அம்மக்கள் தம் இயல்பின் வழியே வளரவேண்டும், எதையும் திணிக்கலாகாது, நிலத்திலும் காட்டிலும் அவர்கள் உரிமை மதிக்கப்படவேண்டும், ஆட்சிப் பணிக்கு அவர்களுள்ளேயே ஆட்களைப் பழக்கவேண்டும், அளவுக்கு மீறிய நிர்வாகம் வேண்டாம், பயனைப் பணக்கணக்கால் அளக்காமல் மனிதப் பண்பின் உயர்வால் அளக்கவேண்டும். இதற்குப் பழங்குடிப் பஞ்சசீலம் என்ற பெயர் நிலைத்தது. நம் சீலங்கள் தனிமனிதனை அடக்கத்திற் கொணர்வன. இவை அதிகாரத்தை அடக்கத்திற் கொணர முயன்றன. எவ்வளவு தூரம் கொணர்ந்தன என்பதை, அணைக்கும் சுரங்கத்துக்கும் நிலமிழந்த பழங்குடியினர் சொல்லக் கேட்கவேண்டும்.

1956இல் எல்வின் சேலாக் கணவாயைக் கடந்து தவாங் சென்றார். பத்தாயிரம் அடி உயரத்தில், பதினேழாம் நூற்றாண்டில் நிறுவப்பட்ட பெரிய பௌத்த மடம் அங்குள்ளது; பொன்னெழுத்தில் எழுதிய சுவடிகளும் உண்டு. அவ்வட்டாரத்து மோன்பா மக்கள் மகாயான வழியினர். கிழக்கே லோஹித் ஆற்றுப்புறத்துக் காம்டி மக்களோ தேரவாதிகள். பர்மியப் பாணி விகாரைகள் கட்டி வாழ்பவர்கள். பௌத்தம் இந்திய மண்ணில் மறைந்தேபோயிற்று என்று நாம் பள்ளியில் படித்தோம். அறியாதவை எனப்பட்ட இம்மலைகளில் அது மறையவேயில்லை. மோன்பாக்களின் மென்மையும், விருந்தோம்பலும், பனியிலும் வறுமையிலும் குன்றாத அமைதியும் எல்வினைக் கவர்ந்தன. திருச்சபையை விட்டு இருபது ஆண்டுகளாகப் பெயரிட்ட சமயம் எதிலும் ஒதுங்காதிருந்த அவர் மனம், இறுதி ஆண்டுகளில் புத்தர் போதித்த கருணையின்பால் சாய்ந்தது. நம்மவருள் சிலர் உடனே அவரைப் பௌத்தர் கணக்கில் சேர்த்துவிட ஆசைப்படலாம். அவ்வளவு அவசரம் வேண்டாம். சாய்ந்தது என்பதே போதும்.

1961இல் பத்மபூஷண் விருது பெற்றார். 1962 இலையுதிர் காலத்தில் சீனப்படை தவாங்கைக் கைப்பற்றி மலையிறங்கி வந்தபோது, எல்லைநாட்டை வெளியார்க்குத் திறந்துவிடாமல் காத்ததே தோல்விக்குக் காரணம் என்று பழிசுமத்தினவர்கள் உண்டு. மலையில் சாலையும் படையும் போதாமைக்கு ஊர்ச்சபையும் நெசவும் எப்படிப் பொறுப்பாகும் என்று அவர்கள் விளக்கவில்லை. எல்வினின் இதயம் ஏற்கெனவே நலிந்திருந்தது. 1964 பிப்ரவரி 22ஆம் நாள் டில்லியில் காலமானார். மூன்று மாதத்திற்குப்பின் நேருவும் மறைந்தார்.

அவர் எழுதி முடித்திருந்த சுயசரிதம் அவ்வாண்டே வெளிவந்து, 1965இல் சாகித்திய அகாதெமிப் பரிசு பெற்றது. மலைமக்களின் முகங்கள் நிறைந்த அந்நூலில், கோசியோடு வாழ்ந்த காலத்தை வேதனையும் தோல்வியுணர்வும் தோன்றும் ஓரிரு வரிகளோடு கடந்துவிட்டார்.

எல்வின் வடகிழக்கே சென்றபின்னும் சாம்ராவ் மண்டலா மலைகளிலேயே தங்கினார். பாட்டன்கட் ஊரில் எல்வின் இறந்த ஆண்டில் இரண்டு வயதுக் குழந்தையாயிருந்த ஜன்கட் சிங் சியாம் என்னும் பர்தான் இளைஞர், 1980களில் போபாலின் பாரத் பவன் கலைக்கூடத்தின் வாயிலாக ஓவியராகப் புகழ்பெற்றார். அவர் முன்னோர்கள் பானா என்னும் நரம்புக்கருவியை மீட்டித் தெய்வங்களைப் பாடியவர்கள். பாட்டில் மட்டும் இருந்த அத்தெய்வங்களை அவர் தம் கையால் சுவரிலும் தாளிலும் எழுதினார். கேட்டுக் குறித்துக்கொள்ள இடையில் வேறொருவர் அவருக்கு வேண்டியிருக்கவில்லை.